அரசு அலுவலகம் சுணங்காமல் நடக்க யோசனை சொல்வது எப்படி? சேலம், ஏற்காடு மக்களுக்கான கேள்வி பதில்

அலைச்சலும் செலவும் குறைந்து வேலை சீக்கிரம் முடிய என்ன செய்யலாம் என்று அரசே அவ்வப்போது மக்களிடம் யோசனை கேட்கிறது. கேட்காத நாளிலும் சொல்ல வழி இருக்கிறது. இருந்தும் வருகிற யோசனைகளில் பெரும்பாலானவை தபால் பிரிவைத் தாண்டுவதில்லை. யோசனை நல்லதாகவே இருக்கும். ஆனால் அதிகாரம் இல்லாத மேஜைக்குப் போயிருக்கும், அல்லது ஒரு கணக்கும் இல்லாமல் வெறும் ஆதங்கமாகப் போயிருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்வதற்காகத்தான் இந்தப் பக்கம்.

புகாருக்கும் யோசனைக்கும் என்ன வித்தியாசம்?

"நான் கொடுத்த உட்பிரிவு பட்டா மனு நான்கு மாதமாகக் கிடக்கிறது" என்பது புகார். "உட்பிரிவு மனுக்களை எந்த வரிசையில் அளக்கப் போகிறீர்கள் என்று வாரம் ஒருமுறை பலகையில் ஒட்டுங்கள்" என்பது யோசனை. முன்னது உங்கள் வேலை முடிந்ததும் தீர்ந்துவிடும். பின்னது உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். குறைதீர்ப்பு முறை முழுக்க மனுவை முடித்துவைக்கும் நோக்கில்தான் ஓடுகிறது. உதவியாளர் உங்கள் தாளில் புகாரை மட்டும் எடுத்து அதற்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார். யோசனை இருந்த பத்தி யார் கண்ணிலும் படாது. புகாருக்கு ஒரு தாள், யோசனைக்குத் தனித் தாள்.

எந்த மாதிரி யோசனை எடுபடும்?

ஒரே ஒரு படியை மாற்றச் சொல்லும் யோசனை. "லஞ்சத்தை ஒழியுங்கள்", "எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்குங்கள்" என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு அலுவலகக் குறிப்புகூட எழுத முடியாது. உங்கள் கடிதத்தை வைத்து ஒரு உதவியாளர் "ஆணையிடலாமா?" என்று நான்கு வரிக் குறிப்பு எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும் என்றால் யோசனை சரியான அளவில் இருக்கிறது.

சான்றிதழ் நகலில் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்த காலம் நினைவிருக்கும். விண்ணப்பதாரரே சான்றொப்பம் இட்டால் போதும், அசலைக் கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-ல் பரிந்துரைத்தது. பிறகு மத்திய அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எடுக்கப்பட்டது ஒரே ஒரு படிதான். மிச்சமானது கோடிக்கணக்கான பேரின் நேரம்.

யாருக்கு எழுத வேண்டும்?

பலரும் சறுக்குவது இங்கேதான். அரசாணையால் வந்த நடைமுறையைத் தாசில்தாரால் மாற்ற முடியாது. அதேபோல, வாசலில் ஒரு பெஞ்சு போடச் சொல்லி முதல்வருக்கு எழுதினால் அந்தத் தாள் சென்னை வரை போய் அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பி வரும்.

அலுவலகத்துக்குள்ளேயே முடிகிற விஷயங்கள், அதாவது டோக்கன் வரிசை, பலகை, பெஞ்சு, எந்த நாளில் எந்த வேலை என்பதெல்லாம் அந்த அலுவலகத் தலைவர் கையில் இருக்கின்றன. தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், மாநகராட்சியில் மண்டல உதவி ஆணையர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என 4 மண்டலங்கள், 60 வார்டுகள். உங்கள் வார்டு எந்த மண்டலம் என்று சொத்துவரி ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பல அலுவலகங்கள் சேர்ந்து செய்ய வேண்டியது என்றால் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பப் படிவத்தையோ கேட்கும் ஆவணத்தையோ மாநிலம் முழுக்க மாற்ற வேண்டுமானால் துறைத் தலைவர், அதாவது ஆணையர் அல்லது இயக்குநர். கட்டணம், தகுதி, அதிகாரப் பகிர்வு என்றால் துறைச் செயலாளர். சட்டமே மாற வேண்டுமென்றால் சட்டமன்றம்.

முதல் மட்டத்தில் முடிகிற யோசனையிலிருந்து தொடங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. ஒரு வாரத்தில் பலன் தெரியும். அந்தப் பலனைக் காட்டி மேல்மட்டத்துக்கு எழுதினால் மதிப்பு கூடும்.

கணக்கு எடுக்கச் சொல்கிறீர்களே, எதை எண்ணுவது?

கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, கடிகாரம் போதும். ஒருவருக்கு ஒரு வரி. வந்த நேரம், கவுண்டருக்குப் போன நேரம், வெளியே வந்த நேரம், வேலை முடிந்ததா, திரும்பிப் போனாரா, திரும்பினால் என்ன காரணம். பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம்.

மூன்று நாள் எடுங்கள், அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கட்டும். கூட்டம் அதிகமான நாளை மட்டும் எண்ணிக் கொடுத்தால் அதிகாரி "அன்றைக்கு முகூர்த்தத்துக்கு அடுத்த நாள்" என்று ஒதுக்கிவிடுவார். நாளுக்கு 30 பேருக்குக் குறையாமல் இருந்தால் போக்கு தெரியும்.

பிறகு கூட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரே கவுண்டர், ஒருவருக்கு 6 நிமிடம், காலை 10 மணிக்கே 40 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 நிமிடம். இடையில் சாப்பாட்டு நேரம் ஒரு மணி. கடைசி ஆள் வெளியே வரும்போது மணி 3. இந்த 40 பேரில் 12 பேர் ஏதோ ஒரு தாள் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்கும் தலா 6 நிமிடம் போகிறது, ஆக 72 நிமிடம். வாசலிலேயே ஒருவர் தாள்களைச் சரிபார்த்து அந்த 12 பேரையும் வரிசைக்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லிவிட்டால் மீதி 28 பேருக்கு 168 நிமிடம். 12.48-க்கே அந்த 28 பேரின் வேலையும் முடிந்துவிடும். இரண்டாவது கவுண்டரோ புது கம்ப்யூட்டரோ கேட்கவில்லை. இப்படிப்பட்ட கணக்கைத் தள்ளிவைப்பது எந்த அதிகாரிக்கும் கடினம்.

திரும்பும் காரணங்களை வகைப்படுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் வேறு முகவரி. ஸ்கேன் செய்த தாள் மங்கல். தேவையான ஆவணங்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது, ஆனால் கவுண்டருக்கு உள்ளே, ஊழியரின் முதுகுக்குப் பின்னால், ஏ4 தாளில் பொடி எழுத்தில். வரிசையில் நிற்பவர் அதைப் படிக்கும்போது அவர் முறையே வந்துவிடும். அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் வெளிச்சுவரில், ஜெராக்ஸ் கடைக்குப் போகும் வழியில் வையுங்கள் என்பதே முழுமையான ஒரு யோசனை.

அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ண அனுமதி வேண்டுமா?

பொதுமக்கள் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து நோட்டில் குறிக்கத் தடை இல்லை. ஆனாலும் அலுவலகத் தலைவரிடமோ தலைமை எழுத்தரிடமோ முதலில் சொல்லிவிடுங்கள். வீடியோ எடுக்காதீர்கள், அடுத்தவர் ஆவணத்தை வாங்கிப் பார்க்காதீர்கள். கேமராவைத் தூக்கினால் கவுண்டரில் இருப்பவர் உங்களை எதிரியாகப் பார்ப்பார். உங்களுக்கு அதிகம் சொல்லக்கூடியவரே அவர்தான்.

அப்படியானால் ஊழியர்களிடமும் பேச வேண்டுமா?

கண்டிப்பாக. எங்கே முட்டுகிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் எந்த நாளில் எந்தக் கிராமத்தில் இருப்பார் என்று இரண்டு இடத்திலும் எழுதி ஒட்டினாலே பாதி அலைச்சல் போய்விடும். அது தெரியாமல் "வி.ஏ.ஓ. இருக்கையில் இருப்பதில்லை" என்று எழுதினால் அது புகாராகிவிடும், அவரும் விளக்கம் எழுதி முடித்துவிடுவார். ஊழியரின் வேலையைக் கூட்டுகிற யோசனை பத்து நாள் நடக்கும், பிறகு நின்றுவிடும். அவர் வேலையையும் குறைக்கிற யோசனைதான் நிலைக்கும்.

ஏற்காடு மலைக்கிராமங்களில் எதைப் பார்ப்பது?

கீழே நேரம்தான் செலவு. மலையில் நேரத்தோடு பஸ்ஸும் கூலியும் சேரும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துக் குக்கிராமங்களில் இருப்பவர் முதலில் ஏற்காடு டவுனுக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வேலை முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு நாள் போவது ஒரு நாள் கூலி போவது. ஆகவே மலையில் எண்ண வேண்டியது "எத்தனை முறை இறங்கினார்" என்பதுதான்.

பழங்குடியினர் சாதிச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) பெரும்பான்மையாக வாழும் மலை இது. 1989 நவம்பரிலிருந்து பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் கொடுப்பதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான் விசாரித்துக் கொடுக்கிறார். விசாரணைக்கு மனுதாரரும் உறவினர் இருவரும் போகிறார்கள் என்றால் ஒரு விசாரணைக்கு 3 கூலி நாள். மாதத்துக்கு 20 விசாரணை என்று வைத்தால் 60 கூலி நாள், 60 பேரின் பஸ் கட்டணம். அதிகாரி மாதத்தில் இரண்டு நாள் மேலே வந்து ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் விசாரணையை நடத்தினால் இரண்டு ஜீப் பயணத்தோடு முடியும். யாருடைய அதிகாரமும் மாற வேண்டாம், இடம் மட்டும் மாறுகிறது. உங்கள் ஊரின் உண்மையான எண்ணிக்கையை இதில் போட்டு எழுதுங்கள்.

தேதியையும் நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் மலைப்பாதையில் வண்டி நகராது. அடிவாரம் வழியே ஏறி, குப்பனூர் வழியே இறங்கு என்று ஒருவழிப் பாதையாக்கும் நாட்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரியும். இந்த நாட்களை விட்டுவிட்டு அட்டவணை கொடுத்தால் "நடைமுறை சாத்தியமில்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். இ-சேவை மையத்தில் இணைப்பு எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று ஒரு மாதம் குறியுங்கள். "நெட் கிடைப்பதில்லை" என்று எழுதுவதற்கும் அந்தப் பட்டியலை இணைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரேஷன் கடையில் எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கைரேகை விழாமல் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதையும் இப்படியே குறிக்கலாம். வேலை செய்து தேய்ந்த விரலை இயந்திரம் படிக்காது. மாற்று வழி விதியில் இருந்தும் கடையில் நடக்கிறதா என்பதே கேள்வி.

மனுவை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். தமிழிலேயே எழுதுங்கள். மேலே சொன்னதற்கு ஒரு மாதிரி:

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர், சேலம்.
பொருள்: பழங்குடியினர் சாதிச் சான்று விசாரணையை மாதம் இருமுறை ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் நடத்தக் கோரும் ஆலோசனை – தொடர்பாக.

ஐயா / அம்மா,
1. இப்போதைய நடைமுறை: விசாரணைக்கு மனுதாரரும் உறவினர்களும் சேலம் செல்ல வேண்டியுள்ளது.
2. கண்டறிந்தது: இத்தனை மாதத்தில், இந்தக் கிராமங்களில் இத்தனை குடும்பங்கள், இத்தனை பயணம், இத்தனை கூலி நாள் (பட்டியல் இணைப்பு).
3. ஆலோசனை: இந்தக் கிழமைகளில் முகாம், தேதி முன்கூட்டியே தாலுகா அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டப்பட வேண்டும்.
4. செலவு: கூடுதல் பணியிடம் தேவையில்லை.
5. சோதனை: மூன்று மாதம் நடத்திப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாக மாற்றச் சொன்னால் அதிகாரி மேலே கேட்பார். மூன்று மாதச் சோதனைக்கு அவரே கையெழுத்துப் போடலாம். ஆதார் நகலை இணைக்க வேண்டாம், யோசனை சொல்ல அது தேவையில்லை.

எங்கே கொடுப்பது?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் அதன் இணையதளமும் உண்டு. போனில் யோசனையைப் பதிவுசெய்தால் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். எண்களோடு கூடிய மனுவுக்குத் தாளோ இணையதளமோதான் சரி.

வருவாய்த் துறை விஷயம் என்றால் ஜமாபந்தி நல்ல இடம். ஜூன் 30-ல் பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, முடிவதையொட்டி ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். அன்றைக்கு உங்கள் கிராமத்தின் கணக்கும், கிராம நிர்வாக அலுவலரும், உயர் அதிகாரியும் ஒரே அறையில் இருப்பார்கள். மற்ற நாட்களில் இது அமையாது.

சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வருமுன் அறிவிப்பு வரும். தமிழில் 5 நகல்கள் கேட்பார்கள். ஒரு மனுவில் ஒரு துறை, ஒரு பொதுப் பிரச்சினை மட்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு.

கிராம சபைத் தீர்மானத்துக்குப் பலம் அதிகமா?

தனிமனுவைவிட அதிகம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால் வருகை குறைந்து கூட்டமே கேள்விக்குள்ளாவது உண்டு. ஆகவே ஒரே ஊர்க்காரர்களாகப் போகாமல் பக்கத்துக் குக்கிராமங்களையும் முன்பே பேசி அழைத்து வாருங்கள்.

தீர்மான வாசகத்தை எழுதியே கொண்டுபோங்கள். கூட்டம் முடியும் முன், தீர்மானப் புத்தகத்தில் அந்த வாசகம் ஏறிவிட்டதா என்று உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். முதலிலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு "சாலை, குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற பொதுவான வரி மட்டும் ஏறுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் கூட்டம் நடக்கும். அப்போதும் தீர்மானம் போட உங்களுக்கு உரிமை உண்டு.

"மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று பதில் வந்து மனு முடிக்கப்பட்டுவிட்டது. இனி?

அந்தப் பதிலில் உள்ள ந.க. எண்ணை, அதாவது அலுவலகக் கோப்பு எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் "பார்வை" என்ற இடத்தில் அந்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் புது மனுவாகப் பதிந்து முதலிலிருந்து சுற்றும். குறைதீர்ப்பு மனுக்களுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை எண் 99 சொல்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். மிரட்டும் தொனி வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டம் இதில் உதவுமா?

உங்கள் கணக்கை உறுதிப்படுத்த உதவும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

"ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்பார்கள். "இந்த ஆறு மாதத்தில் வருமானச் சான்றுக்கு வந்த விண்ணப்பம் எத்தனை, நிராகரித்தது எத்தனை, நிராகரிப்புக் காரணம் பதிந்த பக்கங்களின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். கோப்பை நேரில் போய்ப் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நிராகரிப்புக் காரணமெல்லாம் "போதிய ஆவணம் இல்லை" என்ற ஒற்றை வரியாக இருந்தால் அதுவே அடுத்த யோசனைக்கு ஆதாரம்: எந்த ஆவணம் இல்லை என்று பெயர் சொல்லி எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு?

2014-ல் தொடங்கிய மைகவ் (MyGov) இணையதளத்தில் யோசனை கேட்கும் தலைப்புகள் வரும். சட்ட வரைவுகளை 30 நாளாவது மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டுக் கொள்கை. பி.எஃப். விஷயம் என்றால் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் முகாம் நடக்கும், நேரில் சொல்லலாம்.

நான் அரசு ஊழியர். வெளிப்படையாக யோசனை சொல்லலாமா?

1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. உங்கள் அலுவலகத் தலைவர் வழியாக எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வரும் யோசனைதான் பெரும்பாலும் சரியான படியைத் தொடும், தயங்காதீர்கள்.

யோசனை நடைமுறைக்கு வந்தது. அதிகாரி மாறியதும் பழையபடி ஆகிவிட்டதே?

வாய்மொழியாக நடந்த மாற்றத்துக்கு இதுதான் கதி. நல்லபடியாக நடக்கும்போதே, "இந்த நடைமுறையை அலுவலக ஆணையாக எழுத்தில் பிறப்பித்து ஒரு நகல் தர வேண்டும்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும் என்றால் சுற்றறிக்கையாகக் கேளுங்கள். புதிய அதிகாரி வந்த முதல் மாதத்திலேயே அந்த நகலோடு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கையையும் இணைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே நின்றுபோய்விட்டது என்றால் மறுபடி மூன்று நாள் எண்ணி, பழைய ஆணையின் எண்ணைப் பார்வையில் குறிப்பிட்டு எழுதுங்கள்.